ஊர்க்கூடத்துப் பின்முற்றத்தில் ஒரு பனித்தளம்

டிரம்லேயில் ஒரு வேலைக்கு ஆள் தேவைப்பட்டால் புதிதாக யாரையும் தேடமாட்டார்கள். ஏற்கெனவே நாலு வேலை பார்க்கிறவர் தலையிலேயே ஐந்தாவதையும் கட்டிவிடுவார்கள். ரோனா பெட்ரி அப்படிக் கட்டப்பட்டவள். பகலில் பக்கத்து டவுனில் கால்நடை மருத்துவரிடம் வேலை. மற்ற நேரத்தில், மாதம் ஒருமுறை வரும் ஊர்ச்செய்தித் தாளை அச்சடித்து வீடு வீடாகப் போடுவது அவள். உறைபனி விழும் நாட்களில் பனி உருகி வழுக்காமலிருக்க நடைபாதைகளுக்கு உப்புப் போடும் தொண்டர்களை ஏவுவது அவள். கர்லிங் சங்கத்தின் செயலாளரும் அவள், அதன் அணித்தலைவியும் அவள். இந்த வேலைகளில் இரண்டு ஒன்றுக்கொன்று நேர் எதிரி என்பது அந்த ஜனவரி வரைக்கும் அவளுக்குக்கூடத் தோன்றவில்லை.

கர்லிங் பனிக்கட்டியின்மேல் ஆடும் ஆட்டம். கைப்பிடி பொருத்திய, வழவழப்பான கருங்கல் ஒன்று. அரிசிச் சிப்பம் அளவுக்குக் கனக்கும். அதைத் தள்ளிவிட்டு, தூரத்தில் வரைந்திருக்கும் வட்டத்தின் நடுவுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் நிறுத்தவேண்டும். அணிக்கு நாலு பேர். ஒருவர் கல்லை விட்டதும் இரண்டு பேர் அதற்கு முன்னாலேயே ஓடிக்கொண்டு துடைப்பத்தால் பனியைத் தேய்ப்பார்கள். தேய்த்தால் கல் இன்னும் கொஞ்சம் தூரம் போகும், வளையாமலும் போகும். விடும்போது கைப்பிடியை லேசாகத் திருப்பியிருந்தால், வேகம் அடங்கும் நேரத்தில் கல் அந்தப் பக்கமாகச் சாயும். ஆட்டத்தின் சாமர்த்தியமெல்லாம் அந்தச் சாய்வில்தான் இருக்கிறது. நகரங்களில் இதற்கென்று குளிரூட்டிய அரங்கங்கள் கட்டியிருக்கிறார்கள். டிரம்லேயில் இருப்பது ஊர்க்கூடத்துக்குப் பின்னால் ஒரு தார்த்தளம், அதற்கு மேலே வானம்.

தார்த்தளம் என்றால் ஏனோதானோ என்று போட்டதில்லை. எந்தக் கோடியில் கோலிக்குண்டை வைத்தாலும் வைத்த இடத்திலேயே நிற்கும். சுற்றிலும் விரல் உயரத்துக்கு ஒரு வரம்பு. ஒரு மூலையில் நீர் வடிய ஓட்டை, அதை அடைக்க ஒரு ரப்பர் மூடி. வெயில்காலத்தில் மூடியை எடுத்துவிட்டு அங்கே கார்களை நிறுத்திக்கொள்வார்கள். உறைபனி வந்தால் மூடியைப் போட்டுத் தண்ணீர் தெளிப்பார்கள்.

ஆனால் உறைபனி வந்தால்தானே. அதற்கு முந்தைய ஐந்து குளிர்காலங்களும் மழையும் சேறுமாகவே கழிந்தன. ஒன்றிரண்டு நாள் இரவில் உறைந்தது மறுநாள் மதியத்துக்குள் ஓடிவிடும். ஐந்து வருடமாக ஒரு பந்தயம்கூட நடக்காத இடம் சும்மா கிடக்கிறதே என்று இலையுதிர்காலக் கூட்டத்தில் பேச்சு வந்தது. பேசியவர் ஊர்க்கூடக் கமிட்டியின் தலைவர் பெர்கஸ் டுதி. வாடகைப் பேருந்துகள் ஓட்டுகிறவர், ரோனாவோடு ஒரே வகுப்பில் படித்தவர். அங்கே நாலு மின்கார் சார்ஜர் வைக்கலாம் என்பது அவர் யோசனை. அதில் தப்புச் சொல்லவும் முடியாது. வீடு வீடாக வரும் நர்ஸின் கார் போன மாதம் டிரம்லேயிலேயே சார்ஜ் தீர்ந்து நின்று, பாவம் அந்தப் பெண் பெர்கஸின் சமையலறையில் அரை நாள் உட்கார்ந்திருந்தாள். சார்ஜர் வைப்பதென்றால் வரம்பை உடைத்து, தளத்தைக் குறுக்கே வெட்டிக் கேபிள் புதைக்கவேண்டும். அப்படி வெட்டிய தளத்தைத் திரும்பச் சமம் செய்ய யாராலும் ஆகாது.

கமிட்டி ஒரு முடிவுக்கு வந்தது. பிப்ரவரி முடிவதற்குள் அந்தத் தளத்தில் ஒரு பந்தயம் முழுதாக நடந்தால் இன்னும் ஐந்து வருடத்துக்கு அது கர்லிங் தளம். நடக்காவிட்டால் சார்ஜர். ரோனா கையைத் தூக்கித்தான் அதற்குச் சம்மதித்தாள். வேறென்ன செய்வது? அவளுக்கு அந்தத் தளம் பெரிய விஷயம். நவம்பரிலிருந்து மார்ச் வரை டிரம்லேக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பது கடையிலும் சவ அடக்கத்திலும்தான். தளம் உறைந்தால் மட்டும் ஊரே பின்முற்றத்துக்கு வந்து சுற்றி நின்றுகொள்ளும். அதைவிட, பனித்தளம் செய்வது அவளுக்குப் பிடித்திருந்தது. அவளுக்கு நன்றாக வந்த வேலை அது ஒன்றுதான் என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

அதைச் செய்கிற விதம் இதுதான். வானம் துடைத்துவிட்டாற்போல இருக்கவேண்டும். மேகம் இருந்தால் அது போர்வைபோல ஆகி, தாரின் சூட்டை மேலே போகவிடாது. காற்றும் இருக்கக்கூடாது. பொழுது சாய்ந்து தார் தொட்டால் விரல் விறைக்கிற அளவுக்குக் குளிர்ந்த பிறகு தெளிக்கத் தொடங்கவேண்டும். வாளியால் ஊற்றுகிறவர்கள் அவசரக்காரர்கள். ஊற்றினால் மேலே மட்டும் பாலாடைபோல உறையும். அடியில் இருக்கும் தண்ணீர் மெல்ல வடிந்துபோகும். காலையில் பார்த்தால் வெறும் ஓடு, மிதித்தால் பொரிந்துபோகும். ரோனா வயலுக்கு மருந்தடிக்கிற மாதிரியான, ஆனால் மருந்தே பார்க்காத ஒரு தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு, பின்பக்கமாக நடந்துகொண்டே புகைபோலத் தெளிப்பாள். மெல்லிய ஒரு படலம். அது கண் முன்னாலேயே மங்கி வெளுக்கும். வெளுத்ததும் அடுத்த படலம். கண்ணாடித் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டுவதுபோல. எல்லாம் கூடி விரல் கனத்துக்கு வந்தால் கல் ஓடும்.

ஜனவரி கடைசியில் வானிலைச் செய்தி நாலு நாள் கடும் உறைபனி என்றது. வெள்ளி மதியத்துக்குமேல் மேற்கிலிருந்து பனியை உருக்கும் இளஞ்சூட்டுக் காற்று. ரோனா உடனே பால்கோரிக்குப் போன் போட்டாள். மலைக்கு அந்தப்பக்கம் இருக்கும் பால்கோரிதான் டிரம்லேயின் எதிர் அணி. பந்தயப் பரிசு ஒரு பழைய செப்புக் கெண்டி, கடைசியாக ஜெயித்த பால்கோரியில்தான் இருந்தது. அவர்கள் அணித்தலைவி நெட்டா கிரேக், பன்றிப்பண்ணைக்காரி. வியாழக்கிழமை என்று பேசி முடித்தார்கள். திங்களும் செவ்வாயும் மாலையில் ரோனா தெளித்தாள். செவ்வாய் தெளித்து முடித்துப் படுக்கப் போகும்போது தளம் கருப்புக் கண்ணாடிபோல இருந்தது. கூடத்து விளக்கு அதில் இரண்டாவது விளக்காகத் தெரிந்தது.

புதன் காலை வேலைக்குப் புறப்படுமுன் பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்தாள். தளம் முழுக்கப் பழுப்புச் சேறு. கோதுமைக் கஞ்சியில் நாட்டுச்சர்க்கரை தூவினதுபோல் பொடிப்பொடியாக உப்பு. நடுவிலேயே தார் தெரிந்தது.

யார் செய்தது என்று அவள் தேடவேண்டியிருக்கவில்லை. கூடத்து வாசலில் கில்பர்ட் மியர்ன்ஸ் மண்வெட்டியோடு நின்று, செய்த வேலையைத் திருப்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார். ரிட்டயரானபின் கடலோரத்திலிருந்து வந்து குடியேறியவர். டிரம்லேக்கு வந்து ஐந்து வருடமே ஆகியிருந்ததால் அவர் அந்தத் தளம் உறைந்து பார்த்ததே இல்லை. அவருக்கு அது கார் நிற்கிற இடம். உப்புப் போடும் தொண்டர்களில் ரோனாவே தேடிப்பிடித்துச் சேர்த்தவர். இருக்கிறவர்களில் சோம்பல் இல்லாதவர் அவர் ஒருவர்தான். புதன்கிழமைகளில் வயதானவர்களுக்குக் கூடத்தில் சூப் போடுவார்கள். அவர்கள் விழுந்துவிடக் கூடாதென்று கில்பர்ட் விடியுமுன்னே எழுந்து வந்திருக்கிறார். ஊர்ச்செய்தித் தாளில், பின்முற்றத்தில் கார் நிறுத்தாதீர்கள் என்று ரோனா கொட்டை எழுத்தில் போட்டிருந்தாள். கில்பர்ட்டிடம் கார் கிடையாது, அதனால் அந்த வரியைத் தாண்டிப்போய்விட்டார்.

"எங்கெல்லாம் வழுக்குதோ அங்கெல்லாம் போடுங்கன்னு நீங்கதானம்மா சொன்னீங்க," என்றார், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு.

"ஆமா. நான்தான் சொன்னேன்."

"இந்த இடம் மாதிரி வழுக்கின இடத்த நான் பாத்ததே இல்லம்மா. சறுக்கிக்கிட்டேதான் போட்டேன். அதான் தொட்டியில இருந்த உப்பு பூராவும் போட்டுட்டேன்."

ரோனா வரம்பின்மேல் உட்கார்ந்தாள். பிறகு அவருக்கு அது என்ன தளம், எதற்காக அவள் இரண்டு மாலை தெளித்தாள், பிப்ரவரிக்குள் என்ன நடக்கவேண்டும் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். கில்பர்ட் கேட்க கேட்க மண்வெட்டியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார், ஏதோ அதைக் காட்டாவிட்டால் நடந்தது இல்லாமல் போகும் என்பதுபோல.

டிரம்லேயில் செய்தி பரவும் வழி ஒன்று உண்டு. ஊர்ச்செய்தித் தாள் செய்தியைப் பரப்புவதில்லை, ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்ததை உறுதி செய்வதோடு சரி. பரப்புவது கடை. ரொட்டி வண்டி வரும் நேரத்தில் யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் கொண்டுவருவதுதான் அன்றைய செய்தி. அன்றைக்கு முதலில் வந்தவர் கூடத்துப் பக்கமாக நாயோடு போனவர். தளத்தில் உப்பு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். யார் போட்டது என்கிற மீதியைக் கடையிலேயே பூர்த்தி செய்துகொண்டார்கள். சார்ஜர் யாருக்கு வேண்டும்? பெர்கஸுக்கு. அப்புறமென்ன. ரோனா விடுப்புச் சொல்லிவிட்டுப் பால் வாங்க வந்தபோது, பெர்கஸ் லாரி நிறைய உப்புக் கொண்டுவந்து கொட்டினார் என்கிற வரைக்கும் கதை வளர்ந்திருந்தது.

ரோனா அங்கேயே, ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில் நின்று, போட்டது கில்பர்ட், போடச் சொன்னது தான், பெர்கஸுக்கு இதில் சம்பந்தமே இல்லை என்று சொன்னாள். யாரும் மறுக்கவில்லை. ஆனால் லாரிக் கதை அளவுக்கு இது யாருக்கும் பிடிக்கவும் இல்லை.

அவள் திரும்பி வந்தபோது பெர்கஸின் தண்ணீர்த் தொட்டி வண்டி பின்முற்றத்தில் நின்றது. பேருந்துகளைக் கழுவ அவர் வைத்திருக்கும் வண்டி. மோட்டாரும் நீள ஹோஸும் உண்டு. அவர் ஏற்கெனவே மூலை ஓட்டையின் மூடியைப் பிடுங்கிவிட்டுக் காத்திருந்தார்.

"உனக்காக வரல," என்றார். "உப்பு போட்டவன்னு பேர் வாங்கிக்கிட்டு என்னால இந்த ஊர்ல பஸ் ஓட்ட முடியாது. கழுவறத நாலு பேர் பாக்கட்டும்."

"பாக்கறாங்க. கடை ஜன்னல்ல ஆறு தல தெரியுது."

"நல்லது. எங்கேருந்து ஆரம்பிக்கணும்?"

உப்பைக் கழுவுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உப்புத்தண்ணீர் சாதாரணத் தண்ணீரைவிட இன்னும் அதிகக் குளிரில்தான் உறையும். கண்ணுக்குத் தெரிகிற உப்பு போனால் மட்டும் போதாது. தாரின் நுண்துளைகளில் ஊறியிருப்பதும் போகவேண்டும். துளி மிச்சமிருந்தாலும் அந்த இடம் இரவெல்லாம் ஈரமாகவே கிடக்கும். ஆகவே ஓட்டைக்கு எதிர்மூலையிலிருந்து தொடங்கி, ஒரே திசையில், விளக்குமாறு வைத்துப் பெருக்குவதுபோலத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே வந்தார்கள். பெர்கஸ் ஹோஸைப் பிடித்தார். கில்பர்ட் தள்ளுகட்டையால் தள்ளினார், யாரும் சொல்லாமலே. ரோனா ஓட்டை அருகில் குந்தியிருந்து, வடிகிற தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். முதலில் கடல். பிறகு சூப். நாலாவது தடவைக்குப் பிறகு அவளுக்கே சந்தேகம் வந்து மற்றவர்களையும் ருசி பார்க்கச் சொன்னாள். சூப் சாப்பிட வந்தவர்களில் இரண்டு பேரும் வரிசையில் வந்து விரல் வைத்து, தார் வாடை அடிக்கிறது, உப்பு இல்லை என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

பந்தயத்தை ஒரு நாள் தள்ளிவைக்கவேண்டும் என்று நெட்டாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. விவரம் பால்கோரிக்கு முன்னமே போய்ச் சேர்ந்திருந்தது.

"என்னடி, உப்புல ஹெர்ரிங் மீனு ஊறப்போட்டிருக்கீங்களாமே," என்றாள் நெட்டா எடுத்த எடுப்பிலேயே. "வெள்ளிக்கிழமை வரோம். மீன் வாசம் வராம பாத்துக்கோ."

புதன் மாலையும் வியாழன் மாலையும் ரோனா தெளித்தாள். கில்பர்ட் கூடவே இருந்து தண்ணீர் நிரப்பிக்கொடுத்தார். அடுப்பில் வைத்துக் கொஞ்சம் சூடாக்கின தண்ணீர் கடைசிப் படலத்துக்கு நல்லது, அது கீழே இருக்கிற பனியின் மேல்பரப்பை லேசாக உருக்கி அதோடு ஒட்டிக்கொள்ளும் என்று அவள் சொன்னதைக் கேட்டு ஆச்சரியப்பட்டார். வெள்ளிக் காலை பனி இருந்தது. செவ்வாய்க்கிழமை கண்ட கண்ணாடி இல்லை. தாரில் மிஞ்சியிருந்த உப்பு புதன் இரவின் படலங்களைத் தின்றுவிட்டதால் கனம் அதில் பாதி. மூலையில் ஒரு இடம் மட்டும் பிடிவாதமாக உறையாமல் கிடந்தது. ஆனால் அது ஆட்டத்துக்கு வெளியே.

அணியில் ரோனா, அவளோடு வேலை பார்க்கும் கால்நடை மருத்துவர் ஐலீன், பெர்கஸ், நாலாவதாக ஒருவர். நாலாவது ஆளுக்குப் போன மாதம்தான் இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. அதனால் கில்பர்ட்டின் கையில் துடைப்பத்தைக் கொடுத்தார்கள். பெர்கஸ் ஏன் ஆடினார் என்று யாரும் கேட்கவில்லை. பந்தயம் நடக்காமல் போனால் அவருக்கு லாபம் என்பது உண்மைதான். ஆனால் கல் விடுவதில் டிரம்லேயில் அவருக்கு மிஞ்சி ஆள் இல்லை. பால்கோரி வந்து நிற்கும்போது, சார்ஜருக்காக நான் ஆடமாட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்துகொள்ள அவரால் ஆகாது.

ஆட்டம் எட்டுச் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இரு அணியும் எல்லாக் கல்லையும் விட்டு முடித்தபின், நடுவுக்குப் பக்கத்தில் யார் கல் இருக்கிறதோ அவர்களுக்கு, எதிரணிக் கல்லைவிட உள்ளே இருக்கும் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு புள்ளி. தொடங்குமுன் ரோனா பனிமேல் வெந்நீர்த் துளிகளைத் தெளித்துக்கொண்டு நடந்தாள். அவை வேர்க்குருபோலச் சின்னச் சின்ன முண்டுகளாக உறையும்; கல் அந்த முண்டுகளின் தலையில் ஏறி ஓடுவதால்தான் அவ்வளவு லேசாகப் போகிறது. ஊர் முழுக்க வரம்பைச் சுற்றி நின்றது, கையில் சூப்போடு. முதல் இரண்டு சுற்று பால்கோரிக்கு. மூன்றாவதிலிருந்து பெர்கஸின் கை ஓங்கியது. அவர் விட்ட கல் பால்கோரியின் கல்லை இடித்துத் தள்ளிவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். கில்பர்ட் உயிரைக் கொடுத்துத் தேய்த்தார். ஆறாவது சுற்று முடிந்தபோது டிரம்லேக்கு ஆறு, பால்கோரிக்கு நாலு.

அப்போது காற்று திரும்பியது. கொடிக்கம்பத்துக் கயிறு அதுவரை தட்டாத பக்கத்தில் தட்டியது. குளிர் இளகியதை ரோனா முதலில் காதில் உணர்ந்தாள். மேகம் விலகி ஒரு தரம் வெயிலும் அடித்தது. பனி கனமாக இருந்தால் வெயில் அதன் மேல் பட்டுத் திரும்பிவிடும். மெல்லியதாக இருந்தால் ஊடுருவிப் போய்க் கருப்புத் தாரைச் சூடாக்கும், பனி அடியிலிருந்து கழன்றுகொள்ளும். ஒரு நாள் முந்தியிருந்தால் இது நடந்திருக்காது. ஏழாவது சுற்றின் முதல் கல்லை ஐலீன் விட்டாள். அது நீர்ப்படலத்தில் சிக்கி, அலையடித்துக்கொண்டு போய்ப் பாதி வழியில் நின்றது. பால்கோரிக்காரரின் கல்லும் அங்கேயே வந்து நின்றது. வட்டத்துக்குப் போய்ச் சேர இனி எந்தக் கல்லாலும் முடியாது. தளத்தின் நடுவில் வெள்ளைக்குள் கருப்பாக ஒரு கைக்குட்டை அளவு தார் தெரிந்தது.

நெட்டா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு வந்தாள். "முடிஞ்சுதுடி. வீட்டுக்குப் போலாம். அடுத்த பனியில பாத்துக்கலாம்."

இரண்டு ஊருக்கும் பொதுவான விதி அது. பனி உருகி நின்றுபோன ஆட்டம் ஆட்டமே இல்லை. புள்ளி செல்லாது, கெண்டி இருந்த இடத்திலேயே இருக்கும். நெட்டா சொன்னதில் சூது ஒன்றும் இல்லை. அடுத்த பனி டிரம்லேக்கு இல்லை என்பதை அவள் அந்த நிமிஷம் நினைக்கவில்லை, அவ்வளவுதான். பிப்ரவரி முழுக்க மழை என்று வானிலைக்காரர் சொல்லியாகிவிட்டது.

பெர்கஸ் ஒப்புக்கொள்ளவில்லை. தண்ணீரைத் துடைத்துத் தள்ளிவிட்டு இரண்டு சுற்று ஆடிவிடலாம், கெண்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று கத்தினார். அவர் முகம் சிவந்திருந்தது. அந்த நேரத்தில் அவருக்கு சார்ஜரும் ஞாபகமில்லை, கமிட்டியும் ஞாபகமில்லை என்று ரோனாவுக்குத் தெரிந்தது. சுற்றி நின்றவர்களுக்கும் தெரிந்தது.

ரோனா பனியைப் பார்த்தாள். இரண்டு சுற்று நடக்காது. ஒரு சுற்றும் நடக்காது. இப்படியே கலைந்தால் பந்தயம் நடக்கவில்லை. வேறு ஒரு வழி இருந்தது. கர்லிங்கில் இனி ஜெயிக்க வழியில்லை என்று தெரிந்துகொண்ட அணி, கையுறையைக் கழற்றிவிட்டு எதிரணிக்குக் கை கொடுக்கும். எட்டுப் பேரும் ஒருவருக்கொருவர் கை கொடுத்துவிட்டால் எந்தச் சுற்றாக இருந்தாலும் ஆட்டம் அதோடு பூர்த்தி. கை நீட்டின அணிக்குத் தோல்வி. நீட்டுவது எப்போதும் பின்தங்கினவர்கள். முன்னால் இருக்கிறவர்கள் நீட்டி யாரும் பார்த்ததில்லை. நீட்டக்கூடாது என்றும் எங்கேயும் இல்லை.

அவள் வலது கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துக் கழற்றினாள்.

"என்ன பண்ற?" என்றார் பெர்கஸ்.

"கை குடுக்கப் போறேன்."

"நாம ரெண்டு முன்னாடி இருக்கோம், ரோனா."

"தெரியும்."

"ஜெயிச்சிக்கிட்டிருக்கறவ போயி தோத்தேன்னு கை நீட்டுவாளா? உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? பால்கோரிக்காரன் பேரன் பேத்தி வரைக்கும் சொல்லிச் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். கலைஞ்சு போனா ஆட்டமே நடக்கல. கை குடுத்தா நடந்தது. தோத்தாலும் நடந்தது."

அப்போதுதான் பெர்கஸுக்குக் கமிட்டியின் முடிவு ஞாபகம் வந்தது. அவரே படித்துக்காட்டி, அவரே கையெழுத்துப் போட்டது.

"நான் கை குடுக்கலன்னா?" என்றார் மெல்ல.

"அப்ப ஆட்டம் பூர்த்தியாகல. நீ எட்டுப் பேர்ல ஒருத்தன். உன்னைப் பிடிச்சு யாரும் இழுக்கப் போறதில்ல, பெர்கஸ்."

அவள் நெட்டாவிடம் போய்க் கையை நீட்டினாள். நெட்டா அந்தக் கையைப் பார்த்தாள், ரோனாவைப் பார்த்தாள், கூடத்துச் சுவரில் சாக்குக்கட்டியால் எழுதியிருந்த புள்ளிகளைப் பார்த்தாள். பன்றி விற்கிறவளுக்கு எதிராளி ஏன் விட்டுக்கொடுக்கிறான் என்று தெரியாமல் எதையும் வாங்கிப் பழக்கமில்லை. பிறகு அவள் பார்வை கூடத்துக் கதவில் கமிட்டி பிப்ரவரிக் கெடுவோடு ஒட்டியிருந்த சார்ஜர் படத்தின்மேல் போனது. போய், அங்கே கொஞ்சம் நின்றது.

"ஓஹோ," என்றாள். "இப்படிக் கேவலமா நான் ஒரு தடவகூட ஜெயிச்சதில்லடி." கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

ஐலீன் கை கொடுத்தாள். கில்பர்ட்டுக்கு என்ன நடக்கிறதென்று பாதிதான் புரிந்தது, ஆனால் நாலு பால்கோரிக்காரர்களுக்கும் இரண்டிரண்டு தரம் கை கொடுத்தார். மிச்சம் பெர்கஸ். அவர் வட்டத்துக்குப் பக்கத்தில், இரண்டு கைகளையும் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டு நின்றார். பனியிலிருந்து நீர் கசிந்து அவர் பூட்ஸைச் சுற்றி நின்றது. வரம்பைச் சுற்றி இருந்தவர்கள் சூப்பைக் குடிப்பதை நிறுத்தியிருந்தார்கள். அவர் கை கொடுக்காமல் போனாலும் அன்றைக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கமாட்டார்கள் என்பது ரோனாவுக்குத் தெரியும். அடுத்த முப்பது வருடம் சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்பதும் தெரியும். உப்புப் போட்டவன் என்ற பேரைத் துடைத்துவிடலாம். ஆட்டம் முடிந்து கை கொடுக்காமல் போனவன் என்ற பேரைக் கழுவத் தண்ணீர் வண்டி கிடையாது.

நெட்டா அவர் முன்னால் போய் நின்றாள். "என்ன பெர்கஸ், பன்னி நாத்தம் அடிக்குதா? காலையில சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் வந்தேன்."

யாரோ சிரித்தார்கள். பெர்கஸ் மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டார். வலது கை பையிலிருந்து வெளியே வந்தது. கையுறை ஏற்கெனவே கழற்றியிருந்தது. நெட்டாவுக்குக் கொடுத்தார், அடுத்தவருக்குக் கொடுத்தார், நாலு பேருக்கும் கொடுத்தார்.

"அஞ்சு வருஷம்," என்றார் ரோனாவிடம். "அதுக்கு மேல ஒரு நாள்கூட இல்ல."

மறுவாரம் கமிட்டி கூடியது. வெளியே மழை. முதல் விஷயம் தளம். பெர்கஸ் எழுந்து, தளத்தில் பந்தயம் நடந்தது, முறைப்படி பூர்த்தியானது, பால்கோரி ஜெயித்தது என்று வாசித்தார்.

புள்ளி எவ்வளவு என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். அன்றைக்கு ஊரில் இல்லாதவர்.

"ஆறுக்கு நாலு," என்றார் பெர்கஸ்.

"யாருக்கு ஆறு?"

பெர்கஸ் தாளைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார். "நமக்கு."

கேட்டவர் விளக்கத்துக்காகக் காத்திருந்தார். பெர்கஸ் தாளைத் திருப்பினார். தளத்தைப் பற்றி ஆட்சேபம் உண்டா என்று கேட்டார், யாருக்கும் இல்லை. சார்ஜரை வேறெங்கே வைக்கலாம் என்பதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளினார்கள். பிறகு கூடத்துக் கொதிகலன் சத்தம் போடுவதைப் பற்றி நெடுநேரம் பேசினார்கள்.

கலைந்து வெளியே வந்ததும் ரோனா குடையை விரித்தாள். பெர்கஸ் அவளுக்காகக் காத்திருந்தார்.

"ரெண்டாவது சுத்துல," என்றார், "நீ விட்ட கடைசிக் கல். வெளிப்பக்கம் திருப்பி விட்டியே, அது ஏன்?"

"உள்பக்கமா திருப்பினா நெட்டாவோட கல்லு வழியில நின்னுச்சு."

"நிக்கல. நல்லா பாத்தேன். இடம் இருந்துச்சு. அத உள்ள கொண்டுவந்திருந்தா அப்பவே ரெண்டு எடுத்திருப்போம், அஞ்சாவது சுத்துக்குள்ளயே அவங்க வந்து கை நீட்டியிருப்பாங்க."

"இடம் இருந்துச்சா? உன் தலையில இருக்கு இடம்."

பெர்கஸ் அவள் குடையைப் பிடுங்கி மடக்கி, அதன் முனையால் ஈரத் தாரில் வட்டத்தை வரைந்தார். நெட்டாவின் கல் நின்ற இடத்தில் ஒரு புள்ளி குத்தினார். ரோனா இல்லை என்று சொல்லி, பூட்ஸ் நுனியால் அதைக் கொஞ்சம் இடதுபக்கம் தள்ளி வைத்தாள். மழை வட்டத்தை அழித்துக்கொண்டே இருந்தது. பெர்கஸ் அழிய அழிய வரைந்துகொண்டே இருந்தார்.